ஆலையும் அதன் அடிநிலமும்: மும்பை கிரண்காவ் பகுதியின் வரலாறு

(அரசியல் வகுப்பொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மும்பை மாநகரில் பைக்குலாவில் தொடங்கி லால்பாக், பரேல், நய்காவ், வொர்லி, பிரபாதேவி எனத் தாதரை எட்டும் வரை பரந்து கிடக்கும் நிலப்பரப்புக்கு மராத்திய உழைப்பாளி மக்கள் ‘கிரண்காவ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிர்ணி என்றால் ஆலை. காவ் என்றால் ஊர். மாநகராட்சி தன் வட்டங்களுக்கு ஈ, எஃப் தெற்கு, ஜி தெற்கு என எழுத்துகளையே பெயராக இட்டிருக்கிறது. அதன் பட்டியலில் கிரண்காவ் என்றொரு வட்டம் கிடையாது. அங்கே உழைத்தவர்கள் தங்கள் ஊருக்குத் தாங்களே இட்டுக்கொண்ட பெயர் அது.

மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பதால் சொற்களின் முன் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிடும் பழக்கம் எனக்கு உண்டு. மராத்தியில் கிர்ணி என்பது தெருமுனையில் மாவரைத்துக் கொடுக்கும் கடையையும் குறிக்கும். பழந்தமிழில் ஆலை என்பது கரும்பு பிழியும் பொறி. அரைப்பதற்கும் பிழிவதற்கும் இருந்த சின்னஞ்சிறு சொற்களைத்தான் இரு மொழிகளும் பல்லாயிரம் கதிர்கள் சுழலும் தொழிற்சாலைக்கு இரவல் கொடுத்திருக்கின்றன. இன்று அந்தத் தொழிற்சாலைகள் இல்லை. அவை நின்ற இடத்தில் வணிக வளாகங்களும் ஐம்பது அறுபது மாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. பஞ்சாலைத் தொழில் நசிந்தது, அதனால் ஊர் மாறியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மீதிப் பாதி நிலத்தைப் பற்றியது. அதைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

தொடக்கத்திலிருந்து வருவோம். ஏழு தீவுகளை இணைத்து உருவான நகரம் பம்பாய்; பரேல் அத்தீவுகளுள் ஒன்று. தீவுகளுக்கு இடையே கடல் புகுந்து தேங்கிய தாழ்நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்க்கப்பட்டன. பரேலில் ஆங்கிலேய ஆளுநரின் மாளிகை இருந்தது. அது தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த புறநகர். ஆலைப் புகையும் நோயும் நெருங்கி வந்த 1880களில் ஆளுநர் மலபார் குன்றுக்குக் குடிபெயர்ந்தார். 1896இல் பிளேக் நோய் நகரைத் தாக்கியது. சில ஆண்டுகளில் பிளேக் ஆய்வுக்கூடம் அதே மாளிகைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய ஹாஃப்கின் ஆய்வு நிறுவனம் அதுதான். ஆள்வோர் விட்டுச் சென்ற இடத்தில் ஆளப்படுவோர் குடியேறினார்கள்.

1854இல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை நிறுவினார். தார்தேவில் அமைந்த அந்த ஆலை 1856இல் உற்பத்தியைத் தொடங்கியது. பம்பாய் வணிகர்களின் முதலுக்கு ஊற்றுக்கண்கள் எவை என்று கேட்டால், சீனாவுக்கு அனுப்பிய அபினியும் பருத்தியும் என்பதே விடை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்து, லங்காஷயருக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதும், பம்பாயில் பணமழை பெய்தது. 1865இல் போர் முடிந்தவுடன் பங்குச்சந்தை சரிந்து பலர் ஓட்டாண்டிகள் ஆனார்கள். அந்தச் சரிவைத் தாங்கி நின்ற பணம் மெல்ல மெல்ல ஆலைகளுக்குள் சென்றது. நூற்றாண்டின் இறுதியில் ஆலைகளின் எண்ணிக்கை எண்பதை ஒட்டி வந்துவிட்டது.

ஆலைகள் ஏன் அங்கே குவிந்தன? இருப்புப்பாதைகள் அவ்வழியே சென்றன. குளங்களில் தண்ணீர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நிலம் மலிவாக இருந்தது. அதில் ஒரு பகுதி அரசிடமிருந்தும் மாநகராட்சியிடமிருந்தும் நீண்டகாலக் குத்தகையாகச் சொற்ப வாடகைக்குக் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலை நடத்துவதற்கென்றே, தொழில் வளர வேண்டும் என்ற பொதுநோக்கத்தின் பெயரால் கிடைத்த நிலம் அது.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இரத்னகிரி மாவட்டம் உள்ளிட்ட கொங்கணக் கடற்கரையிலிருந்தும், சாத்தாரா போன்ற தக்காணத்து மேட்டுநிலங்களிலிருந்தும், பின்னர் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்தார்கள். ஊரில் துண்டு நிலமும் கடனும் இருந்தன, ரொக்கம் இல்லை. ஆண்கள் மட்டும் வந்து, ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேராகத் தங்கினார்கள். இரவுப் பணி முடித்தவர் திரும்பும் நேரத்தில் பகல் பணிக்காரர் பாயைச் சுருட்டிக் கொடுப்பார். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களைக் ‘கானாவள்வாலி’ என்பார்கள். மாதக் கணக்கில் சோறு போட்டுச் சம்பள நாளில் காசு வாங்கிய இந்தப் பெண்கள் வட்டிக்கடைக்காரரிடம் சிக்கித் தவித்தார்கள். அவர்களைத் திரட்டி 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பை உருவாக்கியவர் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வளர்ந்த பிரேமா புராவ். ஆலைக்கு உள்ளேயும் பெண்கள் இருந்தார்கள். 1920களில் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். நூல் சுற்றும் பிரிவிலும் கழிவுப் பஞ்சு பிரிக்கும் பிரிவிலும் வேலை செய்த அவர்கள், ஆட்குறைப்பு வந்தபோதெல்லாம் முதலில் வெளியேற்றப்பட்டார்கள்.

குடியிருப்புகளுக்கு ‘சால்’ என்று பெயர். தமிழில் இதை ஒண்டுக்குடித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நிறைவு தருவதில்லை. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லில் இடநெருக்கடி மட்டும்தான் தெரிகிறது. சாலில் நீண்ட தாழ்வாரம் உண்டு. அதன் ஓரமாக வரிசையாக ஒற்றை அறைகள். கோடியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும். எவர் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது தாழ்வாரம் முழுக்கத் தெரியும். வேலைநிறுத்தக் காலத்தில் இது பெரிய காரியம். 1920களில் அரசின் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால் கட்டடங்களைக் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக, ஒவ்வொன்றிலும் 80 அறைகள். ஓர் அறைக்கு 160 சதுர அடி. காற்றும் வெளிச்சமும் இல்லாத இக்கட்டடங்களைக் கண்டு குடியேற மறுத்தவர்களும் உண்டு. ஆனால் வேறு போக்கிடம் இருக்கவில்லை.

இந்தத் தாழ்வாரங்களிலிருந்தும் ஆலை வாயில்களிலிருந்தும்தான் இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் முதல் அடிகள் எடுத்து வைக்கப்பட்டன. ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டத் தொடங்கினார். 1890இல் ஞாயிறு வார விடுமுறை கிடைத்தது. நாமெல்லாம் இயல்பாக அனுபவிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய்த் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு கடந்து வாழ்ந்த லெனின், இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் உணர்வுள்ள வெகுஜனப் போராட்டத்துக்கு முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதையே சான்றாகச் சுட்டினார்.

1928 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நீடித்த பொது வேலைநிறுத்தம் தனி வகுப்புக்கே உரிய பொருள். ஒரே தொழிலாளியைக் கூடுதல் தறிகளையும் கூடுதல் கதிர்களையும் கவனிக்க வைக்கும் திட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் ஆறு மாதம் ஆலைக்குள் கால் வைக்கவில்லை. டாங்கே, மிரஜ்கர், நிம்ப்கர், ஜோக்லேகர், தொழிலாளர்களிடையிலிருந்தே எழுந்த ஆல்வே, காஸ்லே ஆகியோர் முன்னின்ற கிர்ணி காம்கார் சங்கம் அப்போராட்டத்தில் பிறந்தது. சில நூறு உறுப்பினர்களுடன் தொடங்கி, ஆண்டு முடிவில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. 1929 மார்ச் 20 அன்று மீரத் சதி வழக்கின் பெயரால் தலைவர்கள் கைதானதற்கு இந்த வளர்ச்சியே முக்கியக் காரணம்.

ஆறு மாதம் எப்படித் தாங்கினார்கள்? சங்க நிதியால் ஒன்றரை இலட்சம் குடும்பங்களைக் காப்பாற்ற முடியாது. மளிகைக்கடைக்காரர் கடன் கொடுத்தார். சால் உரிமையாளர் வாடகைக்குப் பொறுத்திருந்தார், அல்லது பொறுத்திருக்கும்படி செய்யப்பட்டார். ஒரு பகுதியினர் கொங்கணத்துக்குப் போய் வயலில் இறங்கினார்கள். கருங்காலிகளைத் தடுக்கும் வேலையைத் தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் செய்தார்கள். அதாவது, வேலைநிறுத்தத்தை ஆலைத் தொழிலாளர் நடத்தினர் என்பதோடு குடியிருப்பும் நடத்தியது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறபோது இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

அந்தக் குடியிருப்பு சமத்துவபுரமாக இருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். நாடா தீர்ந்தால் புது நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைக்க மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். தலித் தொழிலாளர்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டார்கள். பரேல் சால் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர், 1928இல் இப்பிரச்சினையை வேலைநிறுத்தத் தலைமையின் முன் வலியுறுத்தி வைத்தார். தலைமை அதற்குக் கொடுத்த இடம் போதுமானதன்று. செங்கொடியின் கீழ் அணிவகுத்தவர்களுள் ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினர் தொட்ட நாடாவைத் தொட மறுத்தார்கள் என்பது நாம் கடந்து போய்விடக்கூடிய அடிக்குறிப்பு அல்ல. பத்தாண்டு கழித்து, 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை முடக்கும் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினர். அந்த ஒற்றுமை நீடித்திருக்குமானால் கிரண்காவின் பிற்கால வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

1946 பிப்ரவரி கடற்படை எழுச்சிக்கு ஆதரவாகப் பரேல் தெருக்களில் இறங்கியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாதர் சங்கத் தோழர் கமல் டோண்டே உயிரிழந்தார். நகரெங்கும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே 1946ஆம் ஆண்டில் பம்பாய் தொழில் உறவுச் சட்டம் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு ‘பிரதிநிதித்துவ’ சங்கம்; பேச்சுவார்த்தை நடத்த அதற்கு மட்டுமே உரிமை. அந்த இடம் காங்கிரஸ் சார்பு ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்குச் சென்றது. தொழிலாளர் எந்தச் சங்கத்தின் பின் நின்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு ஒரு சங்கம்தான் தெரியும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஆனாலும் 1950கள் கிரண்காவின் பொற்காலம் என்றே சொல்ல வேண்டும். அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரின் செங்கொடிக் கலைக்குழு சால் முற்றங்களில் பாடியது. நடைபாதையில் கிடந்த குழந்தையை ஓர் ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்தார். அக்குழந்தைதான் கவிஞர் நாராயண் சுர்வே. ஒன்றுபட்ட மகாராஷ்டிர மாநிலத்துக்கான போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். கிரண்காவ் அப்போராட்டத்தின் நெஞ்சமாக இருந்தது. 1960இல் மாநிலம் பிறந்தது.

பிறகு நடந்தது நம் தமிழ்த் தோழர்களுக்கு வேறொரு வழியில் தெரியும். 1966 ஜூனில் சிவசேனை தோன்றியது. மராத்திய இளைஞனுக்கு வேலை இல்லாததற்குத் தென்னிந்தியனே காரணம் என்றது; தாராவியிலும் மாதுங்காவிலும் இருந்த தமிழர்கள் அச்சத்தில் வாழ்ந்த ஆண்டுகள் அவை. ‘மதராஸி எதிர்ப்பு’ என்பது அதன் வெளிப்பேச்சு, உள்ளிலக்கு செங்கொடி. 1967 டிசம்பரில் பரேலில் தள்வி கட்டடத்தில் இருந்த கிர்ணி காம்கார் சங்க அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5 இரவு, அப்பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் லால்பாகில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதையடுத்த இடைத்தேர்தலில் அவருடைய துணைவியார் சரோஜினி தேசாய் போட்டியிட்டார். சிவசேனை வென்று தன் முதல் சட்டமன்ற உறுப்பினரைப் பெற்றது.

வன்முறையால் மட்டும் இது நிகழ்ந்துவிட்டதா? இல்லை என்பது என் கருத்து. சங்கம் ஆலை வாயிலில் இருந்தது. கிளை எனப்படும் சிவசேனையின் ‘ஷாகா’ தெருமுனையில் இருந்தது. பள்ளியில் இடம் வாங்க, மருத்துவமனையில் படுக்கை வாங்க, குழாயில் தண்ணீர் வரவழைக்க, வேலையில்லாத மகனை எங்காவது சேர்த்துவிட, மக்கள் ஷாகாவுக்குப் போனார்கள். தந்தை செங்கொடிச் சங்கத்தில் சந்தா கட்டினார். மகன் காவிக்கொடியின் கீழ் பிள்ளையார் விழாப் பந்தல் போட்டான். இருவரும் 160 சதுர அடி அறையில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கிருஷ்ணா தேசாய் குடியிருப்பில் வேரூன்றிய தலைவர், இளைஞர்களைத் திரட்டியவர். அவரைக் குறிவைத்ததற்கு அதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, போனஸ், பதிலித் தொழிலாளரை நிரந்தரமாக்குதல், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குதல் ஆகியவை கோரிக்கைகள். இடதுசாரிச் சங்கங்களும் ஆதரவளித்தன. இன்று வரை எவரும் முறைப்படி முடித்து வைக்காத வேலைநிறுத்தம் அது. ஓராண்டுக்கு மேலாகியும் மத்திய அரசு அசையவில்லை. முதலாளிகளும் அசையவில்லை. அவர்கள் துணியைப் பிவண்டியின் விசைத்தறிகளில் நெய்ய வைத்து, ஆலையின் முத்திரை குத்தி விற்றுக்கொண்டார்கள். ஆலை ஓடாவிட்டாலும் வரவு நிற்கவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் மீண்டும் வேலைக்கு எடுக்கப்படவே இல்லை. 1997 ஜனவரியில் சாமந்த் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வேலைநிறுத்தம்தான் ஆலைகளைக் கொன்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னரே பல ஆலைகளில் நூறாண்டுப் பழைய எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இலாபத்தை எடுத்துப் பிற தொழில்களில் போட்டார்கள். நலிந்த ஆலைகளை அரசின் தலையில் கட்டினார்கள். அரசு 1983இல் மேலும் 13 ஆலைகளின் நிர்வாகத்தை ஏற்றது. முடிவில் நகரில் எஞ்சிய 58 ஆலைகளில் 25 தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்தன. அந்த 58 ஆலைகளின் அடியில் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் இருந்தது. தென்மும்பையின் அலுவலக வட்டாரத்திலிருந்து சில மைல் தூரத்தில், இரண்டு இருப்புப்பாதைகளுக்கு நடுவே, 600 ஏக்கர்! நூல் விலை ஏறியும் இறங்கியும் வந்தது. நில விலை ஏறிக்கொண்டே சென்றது. தொழிலாளி தறியை எண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளி ஏக்கரை எண்ணத் தொடங்கியிருந்தான்.

மார்க்சின் மூலதனம் மூன்றாம் தொகுதியில் நிலவாடகை பற்றிய பகுதியைச் சிரமப்பட்டுப் படிக்கிற தோழர்களுக்கு நான் பரிந்துரைக்கும் எடுத்துக்காட்டு இதுவே. பரேலில் ஒரு சதுர அடி நிலத்தின் விலை ஏன் ஏறியது? ஆலை முதலாளி அதற்கு ஏதும் செய்யவில்லை. இரயில் பாதை, சாலை, குடிநீர், மருத்துவமனை, நான்கு தலைமுறை உழைப்பாளிகள் கட்டியெழுப்பிய நகரம், இவையே ஏற்றின. சமூகம் உருவாக்கிய மதிப்பைத் தனியொருவர் அறுவடை செய்வதற்குச் சட்டத்தின் கதவு திறக்கப்பட வேண்டியிருந்தது.

அது 1991இல் திறந்தது. அதுவரை ஆலை நிலம் தொழிலுக்கு மட்டுமே உரியது. புதிய வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆம் விதி, நிலத்தை மூன்றாகப் பிரித்தால் விற்றுக் கட்டலாம் என்றது. ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் திடலும் அமைக்க; ஒரு பங்கு அரசின் வீட்டுவசதி அமைப்பான ‘மாடா’வுக்கு; ஒரு பங்கு உரிமையாளருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 ஏக்கரில் 200 ஏக்கர் திறந்தவெளி, 200 ஏக்கர் எளியவர்க்கு வீடு. பெருமூச்சு விடவே இடமில்லாத அந்த நகருக்கு இது பெரும் கொடை. 1996இல் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் அமைந்த குழு, தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் நிலத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒருங்கிணைத்துத் திட்டமிட வழி கூறியது.

உரிமையாளர்களோ விதியை மதிக்காமல் காத்திருந்தார்கள். 2001இல் அவர்கள் காத்திருந்தது வந்தது. விதியில் ஒரு திருத்தம்: மூன்று பங்காகப் பிரிக்க வேண்டியது முழு நிலத்தை அன்று, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும். ஆலை வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய எங்கும் கூடாரமும் கிடங்கும்தான். அவற்றை இடித்துவிட்டுக் கட்டினாலும் பங்கு கொடுக்கத் தேவையில்லை. ஒரு சொல்லை மாற்றியதில் பூங்காவும் வீடும் சிறு துண்டுகளாகச் சுருங்கின. சொற்களோடு வாழ்கிற எனக்கு இதைவிட விலையுயர்ந்த சொல்லைப் பார்த்ததாக நினைவில்லை. சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தையே நிலைநிறுத்தியது. இதற்கிடையே, 2005இல், தேசியப் பஞ்சாலைக் கழகம் ஐந்து ஆலை நிலங்களை ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்க்கு விற்றிருந்தது. மக்களின் சொத்தை விற்றது மக்களின் நிறுவனமே.

பாட்டாளிகளின் குடியிருப்பு நெருக்கடியை முதலாளித்துவம் எப்படித் ‘தீர்க்கிறது’ என்பதை எங்கெல்ஸ் 1872இலேயே குடியிருப்புப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் விளக்கினார்: அழுக்கான சந்துகளை ஓரிடத்தில் அழித்து, வேறோர் இடத்தில் முளைக்க விடுவதே அதன் வழி. கிரண்காவில் சந்துகள் மறைந்ததோடு பெயர்களும் மாறின. லோயர் பரேல் என்ற பெயரில் ஆலைக்கரி மணக்கிறதாம். கட்டட வணிகர்கள் அதை ‘அப்பர் வொர்லி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கீழ்ப்பரேலில் படுத்தவன் மேல்வொர்லியில் கண்விழிக்கிறான்.

திறந்தவெளியும் அகலமான பாதையும் இல்லாமல் இலட்சக்கணக்கான அலுவலகப் பணியாளர்களை ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும்? 2017 செப்டம்பர் 29 காலையில் பரேலையும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைக்கும் குறுகிய நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். ஆலைத் தொழிலாளர் நடந்த காலத்து நிலையம் அது. கோபுரங்கள் உயர்ந்தன, பாலம் அகலவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகம் ஒன்றில் பற்றிய தீயில் 14 பேர் உயிரிழந்தனர். இரண்டையும் விபத்து என்று செய்தித்தாள்கள் எழுதின. நில விதி எழுதப்பட்ட விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், அச்சொல் போதாது.

எல்லாமே இழப்புதானா? அப்படிச் சொன்னால் அது வரலாறு ஆகாது. இந்து மில் எனப்பட்ட தாதர் ஆலையின் நிலம், தலித் மக்களின் நெடும் போராட்டத்தால், அம்பேத்கர் நினைவிடத்துக்கு ஒதுக்கப்பட்டது. வளர்ச்சித் துறைச் சால்கள் இப்போது இடித்துக் கட்டப்படுகின்றன. வொர்லியில் 2025 ஆகஸ்ட்டில் முதல் 556 குடும்பங்கள் 500 சதுர அடி வீடுகளைப் பெற்றன. சால் வாழ்க்கையின் இனிமையை நினைத்து வருந்தும் கட்டுரைகளைப் படிக்கிறேன்; எழுதியவர்கள் பொதுக் கழிப்பறை வரிசையில் பேறுகாலப் பெண்ணாக நின்றதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்தது வெற்றியே. பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்த முடியாமல் எத்தனை குடும்பங்கள் பத்தாண்டில் விற்றுவிட்டு வெளியேறும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு இன்றே அமைப்பு வேண்டும்.

கடைசியாக ஆலைத் தொழிலாளரின் வீட்டுக் கோரிக்கை. 1989இல் தத்தா இஸ்வல்கர் என்ற மாடர்ன் மில் தொழிலாளி, மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளருக்காகப் போராட்டக் குழுவை உருவாக்கினார். மற்றவர்கள் கூலிப் பாக்கியைப் பேசியபோது, நிலத்தில் பங்கு என்ற கோரிக்கையை நடுவில் வைத்தது இவ்வியக்கம். இடதுசாரிகள் உட்படப் பல சங்கங்கள் பின்னர் ஒன்றுசேர்ந்தன. மாடாவுக்குக் கிடைத்த நிலத்தில் தொழிலாளருக்கும் வீடு என்பது விதியிலேயே இடம்பெற்றது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2012இல் நடந்த முதல் பெரும் குலுக்கலில் ஏறத்தாழ 7,000 வீடுகள். அதன் பின்னரும் சில குலுக்கல்கள் நடந்தன. பெரும்பான்மையோர் இன்னும் காத்திருக்கிறார்கள். இஸ்வல்கர் 2021இல் காலமானார். நகருக்குள் நிலம் இல்லை என்று கூறி, ஷேலு, வாங்கணி ஆகிய தொலைதூர ஊர்களில் வீடு தருவதாக அரசு சொல்கிறது. புறநகர் இரயிலில் ஏறி கல்யாணையும் தாண்டிப் போக வேண்டிய ஊர்கள் அவை. மும்பைக்குள்ளேயே வேண்டும் என்று வயது முதிர்ந்தவர்கள் ஆசாத் மைதானத்தில் வந்து அமர்கிறார்கள்.

விண்ணப்பிக்கத் தகுதி யாருக்கு? 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ ஆலைப் பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கு. வேலைநிறுத்தத்துக்குப் பதினேழு நாள் முந்தைய தேதி அது. அன்று இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பல இடங்களில் மனைவியோ மகனோ வாரிசாக விண்ணப்பிக்கிறார்கள். ஆலை அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவேட்டின் நகல், இவற்றில் ஏதாவது காட்ட வேண்டும். ஆலை அலுவலகம் இருந்த இடத்தில் திரையரங்கம் இருந்தால் பதிவேட்டை எங்கே தேடுவது? தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திய டிக்கெட் எண்ணை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வருகிறார்கள். அங்கே தோழர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அந்த வேலை இந்த வாரமும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.